மூத்தவள் பேசிய வெள்ளிக்கிழமைகள்

என் கணவர் வருஷத்துக்கு ஒரு முறைதான் ஜவுளிக்கடைக்குள் போவார். அதுவும் எனக்காக இல்லை. தை அமாவாசைக்கு முந்தின வாரம், தன்னுடைய குட்டியானை லோடு வண்டியை விளக்குத்தூண் பக்கம் எங்காவது ஓரங்கட்டிவிட்டு, செத்துப்போன தன் முதல் மனைவிக்குச் சேலை எடுக்கப் போவார். கரை அகலமாக இருக்கிறதா, முந்தியில் வேலைப்பாடு அதிகமா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பாராம். தீபாவளிக்கு எனக்கு என்று வரும்போது மட்டும், "நீயே பாத்து எடுத்துக்க, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிடுவார்.

அவளுக்கு எடுத்த சேலையைப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்து, மேலே மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் வைத்துப் படையல் போட வேண்டியது நான். கும்பிட்டு முடித்ததும் அதை எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டியதும் நான். எங்கள் பக்கத்தில் இரண்டாந்தாரமாக வந்தவளுக்கு இது முறை. மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தவள் வீட்டுக்குத் தெய்வம். பின்னால் வந்தவள் அவளை அக்கா என்று சொல்லிக் கும்பிட வேண்டும். தாலிக் கயிற்றில் அவளுக்கென்று ஒரு தங்கப் பொட்டும் கோத்துக்கொள்ள வேண்டும். நான் எதையும் தவறவிட்டதில்லை. பக்தி என்று சொன்னால் பொய். பயம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் பழங்காநத்தத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவள். ஆகவே அவள் சேலைக்கும் ஃபால்ஸ் அடிப்பது நான்தான். அவள் நல்ல சிவப்பு. மாம்பழ மஞ்சள் அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. எல்லா வருஷமும் அந்தக் கலர்தான். நான் கறுப்பு. அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு அம்மா, "என்ன தாயி, காமாலை கீமாலை வந்திருக்கா" என்று கேட்பாள்.

அவளை நான் பார்த்ததில்லை. படத்தில்தான் தெரியும். அவருக்குச் சொந்தத்திலேயே முறைப்பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் ஏழாவதோடு நின்றேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. முப்பத்து நான்கு வயசில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. வந்த நாளிலிருந்து அந்தப் படத்தில் இருக்கிறவளுக்கும் எனக்கும் போட்டி. அவளுக்கு வயசு ஏறுவதில்லை, கோபம் வருவதில்லை, குழம்பில் உப்புக் கூடிப்போவதில்லை. எப்படி ஜெயிக்க முடியும்.

அவள் செத்த விதம் இது. அவர் அப்போது வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அவள் போன் செய்திருக்கிறாள். "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாக்பூர் தாண்டிப் போன ஆள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்பது மட்டும் அவருக்குள் முள்ளாகத் தங்கிப்போனது. அதற்குப் பிறகு லாரியை விட்டுவிட்டு, சிம்மக்கல் பழக்கடைகளுக்கு லோடு அடிக்கிற சின்ன வண்டிக்கு வந்துவிட்டார்.

எனக்குக் கவலைப்படுகிற புத்தி கொஞ்சம் அதிகம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய் மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். இந்தக் கதையைக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா. தினம் ஒரு மணிக்கு அவருக்குப் போன் போட்டு, "சாப்டீகளா" என்று கேட்பேன். சாப்பாட்டைப் பற்றி அல்ல, ஆள் நன்றாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். பாதி நாள் எடுக்க மாட்டார். எடுத்தால், "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிடுவார். அவளிடம் சொன்ன அதே வார்த்தை. அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

போன வருஷம், சிம்மக்கல்லில் கூட வேலை பார்க்கிற ஒருவர் சொல்லித்தான் கோச்சடையில் ஒரு அம்மா இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மா மேல் அம்மன் இறங்கும். செத்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேச வைக்கும். அந்த அம்மாவின் தம்பி என்று ஒருவர், நெற்றி நிறையத் திருநீறும் இடுப்பில் சிவப்புத் துண்டுமாகப் பக்கத்தில் நின்று, ஆட்களை உள்ளே விடுவார்.

"நீயும் வா. உன்னையும் பாக்கணும்னு அவ நெனப்பால்ல" என்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கார் நிறுத்துகிற இடத்தில் தகரக் கூரை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. காத்திருக்கிறவர்களுக்கு ஒரு அக்கா சொம்பில் மோர் கொண்டுவந்து ஊற்றினார். என்னைவிட ஒரு பத்து வயசு மூத்தவராக இருப்பார். தன் மகனும் போய்விட்டான், இங்கே வந்துதான் மனசு ஆறிற்று, அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து மோர் ஊற்றுவது தன் வேண்டுதல் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"யாரப் பாக்க வந்திருக்க தாயி?"

"வீட்டுக்காரரோட மூத்த சம்சாரத்த."

அந்த அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீ இளையவளா. அவளத் தேடிப் போற மனுசனுக்குத் தொணையா வந்திருக்க. யாருக்கு வரும் இந்த மனசு."

இதுவரை யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு வாயும் திறந்துகொண்டது. அவள் சொந்தக்காரி, அவரை மாமா என்று கூப்பிடுவாளாம், நான் அசல் என்பதால் என்னங்க என்றுதான் கூப்பிட முடிகிறது என்றேன். மாம்பழக் கலர் சேலையைச் சொன்னேன். கடைசி போனைச் சொன்னேன். நான் ஒரு மணிக்குப் போன் போட்டுச் சாப்டீகளா என்று கேட்பதையும், அவர் பட்டென்று வைத்துவிடுவதையும் சொன்னேன். அந்த அக்கா கேட்டுக் கேட்டு, "பாவம்டி நீ" என்று என் கையைத் தடவினார்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று எங்களை உள்ளே விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விட்டார்கள். அந்த அம்மா மஞ்சள் புடவையில் பலகை மேல் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினார். பிறகு குரல் மெலிந்தது.

"மாமா" என்றது அந்தக் குரல். "எம்புட்டு நாளாச்சு மாமா. எனக்கு அந்த மாம்பழக் கலரு சேல இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது."

என் கணவர் தரையில் விழுந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் குழந்தை நிற்காமல் போனபோதுகூட அவர் இப்படி அழவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். நம்பியதால்தான் வயிறு அப்படி எரிந்தது. படத்தில் இருந்தவரைக்கும் அவள் சும்மா இருந்தாள். இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள், மாமா என்று கொஞ்சுகிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது பைபாஸ் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே அவர் பாட்டு முணுமுணுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொள்வார், முகத்துக்குப் பவுடர்கூடப் போடுவார். நான் வெளியே மோர் குடித்துக்கொண்டு அந்த அக்காவிடம் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பொருமுவேன். பிறகு உள்ளே போனால் அவள் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் அவர் கடைசியாக ஒன்றுதான் கேட்பார்.

"அன்னைக்கு எதுக்குக் கூப்புட்ட? என்ன சொல்ல வந்த?"

"அதச் சொல்ல இன்னும் நேரம் வரல மாமா" என்று குரல் மங்கிவிடும். தம்பி கற்பூரத்தைக் காட்டி, "அடுத்த வெள்ளி வாங்கண்ணே" என்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் இடத்தைக் கேட்டாள்.

நாகமலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. முள்வேலி போட்டு, ஒரு வேப்பங்கன்று வைத்து விட்டிருந்தோம். அதில் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டிவிட்டால் போதும், வாடகை வீட்டு ஓனர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்று நான் பயந்து சாக வேண்டியதில்லை. மிஷின் எந்த ஜன்னலுக்குக் கீழே வரும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அது அவள் கழுத்துச் செயினை விற்று வாங்கிய இடம். அதையும் நானேதான் மோர் ஊற்றிய அக்காவிடம் ஒரு வாரம் சொல்லி அழுதிருந்தேன்.

"என் செயின வித்து வாங்கின எடம் மாமா" என்றது குரல். "அதுல எனக்கு ஒரு கோயில் எழுப்புங்க. அம்மா பேருல எழுதிக் குடுத்துருங்க, அவுக பாத்துக்கிருவாக. கோயில் எழும்புன அன்னைக்கு நான் சொல்ல வந்ததச் சொல்றேன்."

"வர்ற வளர்பிறையில எழுதிக் குடுத்துர்றேன்" என்றார் அவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வாய் விட்டேன்.

"நமக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான்."

"நமக்குன்னு யாரு சொன்னா. அது அவ கழுத்துச் செயினு."

"அப்ப நான் எங்க இருப்பேன்?"

"இப்ப எங்க இருக்க? வாடகை வீட்டுலதான. செத்தா போயிட்ட?"

"செத்திருந்தாத் தேவலையே. எனக்கும் கோயில் கட்டியிருப்பீக."

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என் மிஷினில் ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டார்கள். நான் கீழே உட்கார்ந்து ஒரு பட்டுச்சேலைக்குக் கையால் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். அந்தப் படத்தில் ஒரு வளையல் கடைக்கார அம்மாவுக்கு ஒரே மகள் செத்துப்போகிறாள். ஒரு சாமியார் வந்து, உன் மகள் என்னிடம் பேசுகிறாள் என்கிறான். அவனுடைய கூட்டாளிப் பெண், மடியில் ஒரு குழந்தையைப் போட்டுக்கொண்டு, அருள்வாக்குக் கேட்க வந்தவள் மாதிரியே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வருகிறவர்களிடம் தன் சோகத்தைச் சொல்லி அழுகிறாள், அவர்கள் சோகத்தைக் கேட்கிறாள், பின்வாசல் வழியாகப் போய் அவனிடம் சொல்கிறாள்.

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. பட்டில் ரத்தம் படக்கூடாதே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தேன். மோர்ச்சொம்பு என் கண்ணுக்குள் ஆடியது. மாமா, மாம்பழக் கலர், செயின் எல்லாம் என் வாயிலிருந்து போனவை. அவள் வரவே இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் பேசியது நான்தான்.

படத்தின் கடைசியில் அந்த வளையல்கார அம்மாவுக்குத் தம்பி முறை ஆகிற ஒருத்தன் சாமியாரைச் சந்தையில் வைத்து அடித்து, உண்மையைச் சொல்ல வைக்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அந்த அம்மா மட்டும் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்தத் திருடன் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் படம்.

நான் மெல்ல அவரைத் திரும்பிப் பார்த்தேன். "இந்த மாதிரி ஆளுகளும் இருக்காகல்ல" என்றேன்.

"இருப்பாக. சினிமாக்காரனுக்குச் சாமின்னாலே எளக்காரம்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம அம்மா அப்படியில்ல. அவளோட கொரலு எனக்குத் தெரியாதா."

அப்போதே சொல்லியிருக்கலாம்தான். நான் சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பொறாமை என்பார். பொறாமைதான், இல்லையென்று நான் எதை வைத்துச் சொல்வேன். அவரே கையும் களவுமாகப் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்குப் பூனை என்றாலே ஆகாது, பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று அவர் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை மோர் வந்ததும் நான் பெருமூச்சு விட்டேன்.

"அவளுக்குப் பூனைன்னா உசுருக்கா. மடியிலேயே வச்சிருப்பாளாம். நான் ஒரு குட்டி கொண்டாந்தா இவரு வெரட்டுறாரு."

அந்த அக்கா பூவைக் கட்டி முடித்துவிட்டு, கை கழுவி வருகிறேன் என்று பின்பக்கம் போனார். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவள் நிஜமாகவே வந்துகொண்டிருந்தால் என்ற பயமும் இருந்தது.

உள்ளே குரல் வந்தது. "மாமா, நான் வளத்த பூன எப்படி இருக்கு? எம் மடியிலதான படுத்திருக்கும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் சுருங்கியது. வாய் திறந்தது, மூடியது. இப்போது எழுந்துவிடுவார் என்று நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"ஆமா" என்றார் அவர் மெதுவாக. "வெள்ளப் பூன ஒண்ணு வாசலுக்கு வரும்ல. ஆமாமா. அதுக்குச் சோறு வைப்ப."

வரும் வழியில் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஆச்சரியப்பட்டுக்கொண்டே சொன்னார். "எனக்கே மறந்துபோச்சு பாரு. அவளுக்குப் பூனைன்னா பயம்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல பயந்தா, அப்பறம் பழகிட்டா போல."

அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பூனைக்கு அவர் பால் வைக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அவளைப் பற்றி என்ன சொன்னாலும் இந்த மனுஷன் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இனி நான் அந்த மோர்க்காரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி உண்மையைச் சொல்ல வைத்தாலும், அவர் அந்த வளையல்கார அம்மா மாதிரி வாசலில் உட்கார்ந்துவிடுவார். பூனை விஷயத்தில் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேனே. அந்தச் சுருக்கம் நிலைத்துவிட்டால் ஆள் தாங்க மாட்டார் என்று தோன்றியது. அதைவிட, என்னால்தான் அவள் இரண்டாவது தடவை செத்தாள் என்று என்மேல் ஒரு கணக்கு எழுதிவிடுவார். அதை நான் தாங்க மாட்டேன்.

வளர்பிறை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரத்தை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துவிட்டார். நான் சோறு இறங்காமல் யோசித்தேன். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. அவருக்கு நான் சொல்வது ஏறாது, அவள் சொல்வது ஏறும். அவள் சொல்வதோ நான் சொல்வதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மோர்ச்சொம்பு வந்தபோது நான் முன்கூட்டியே கண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன தாயி, மொகமே சரியில்ல?"

"எதச் சொல்றதுக்கா. நாகமல எடத்து மேல கேஸு கெடக்கு. இவரோட பங்காளி ஒருத்தரு தனக்கும் பங்கு இருக்குன்னு போட்டிருக்காரு."

பூ கட்டிய கை நின்றது. "அண்ணன் ஒண்ணும் சொல்லலையே."

"அவருக்கு அவ நெனப்புத்தான. இதெல்லாம் பெருசாத் தெரியல. அந்தப் பங்காளியோட மச்சினன் போலீஸு. இவரு யாருக்காச்சும் எழுதிக் குடுத்தா, வாங்குனவுகளையும் சேத்து ஸ்டேஷனுக்கு இழுப்பேன்னு சொல்லிட்டுத் திரியுறாரு. இந்த வீட்டப் பத்திக்கூட விசாரிச்சாராம்க்கா. அம்மாவுக்கு எதுவும் சங்கடம் வந்துருமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

பங்காளி என்று ஒருவர் இருக்கிறார். பாவம், அவர் திருமங்கலத்தில் பரோட்டா மாஸ்டர். அவருக்கு மச்சினனே கிடையாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் என் உள்ளங்கை வேர்த்து டம்ளர் வழுக்கியது. அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, பயத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னுடைய கவலைக்கார முகம் முதல் தடவையாக எனக்கு உதவியது. மடியில் இருந்த பூவை அப்படியே நாற்காலியில் கொட்டிவிட்டு அந்த அக்கா பின்பக்கம் போனார். அன்றைக்கு என் கையைத் தடவவில்லை.

எங்களை வரிசை தாண்டி முதலிலேயே உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மா அதிக நேரம் ஆடவில்லை.

"மாமா" என்றது குரல். "எனக்கு அந்த எடம் வேண்டாம். அது ஒங்க பேருலயே இருக்கட்டும். கோயிலும் வேண்டாம். எனக்கு நேரம் முடிஞ்சிருச்சு. மேல போறேன். இனிமே இங்க வந்து என்னையக் கூப்புடாதீக."

அவர் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "போ. நிம்மதியாப் போ. ஆனா அத மட்டும் சொல்லிட்டுப் போ. அன்னைக்கு எதுக்குக் கூப்புட்ட?"

அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கண் ஒரு நொடி தம்பி பக்கம் போய் வந்தது. எலுமிச்சம்பழம் கையில் நின்றது. சிம்மக்கல்லில் மூட்டை சுமந்துவிட்டுக் கூலிக்குக் கை நீட்டுகிறவர்கள்கூட இவ்வளவு நம்பிக்கையோடு நீட்டி நான் பார்த்ததில்லை. என் கணவர் தரையில் அப்படி இருந்தார்.

"என்னத்தச் சொல்லப் போறேன் மாமா" என்றது குரல் கடைசியில். "மத்தியானம் ஆச்சேன்னு, சாப்டீகளான்னு கேக்கத்தான் கூப்புட்டேன். நீங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு வச்சுட்டீக."

அவர் குழந்தை மாதிரி அழுதார். அழுகை நின்றதும் எழுந்து, அந்த அம்மாவை, தம்பியை, சுவரில் இருந்த அம்மனை எல்லாம் கும்பிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மோர் ஊற்றிய அக்காவையும் கும்பிட்டார். அந்த அக்கா எங்களைப் பார்க்காமல் சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இடம் பிழைத்தது. அந்தச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வேறு. அது என் கேள்வி. இத்தனை வருஷமாகத் தினமும் ஒரு மணிக்கு நான் கேட்டு, அவர் பட்டென்று வைத்த கேள்வி. அதை அவள் ஒரே ஒரு தடவை, அதுவும் அந்தக் கள்ளியின் வாயால் கேட்டதற்கு மனுஷன் தரையில் உருண்டு அழுகிறார். உன்னைக் காப்பாற்றியது நான்தான்யா என்று அவர் முதுகில் குத்த வேண்டும் போல இருந்தது. பைபாஸ் ரோட்டில் ஒரு பஸ் உரசிக்கொண்டு வந்ததால் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பாத்தியா அவ மனச. தன் செயின வித்து வாங்குன எடம். அதையே வேண்டாம்னுட்டா. நீ அம்புட்டுச் சண்ட போட்டியே, கடைசியில ஒனக்குத்தான் விட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கா."

"ஆமா" என்றேன்.

"ஒரு நா அவளத் திட்டாமக் கும்புடு."

"கும்புடுறேன்." சோறு போட்டேன். வேறு என்ன செய்ய.

மழைக்காலம் முடிந்து கோச்சடைப் பக்கம் ஒரு வீட்டில் சேலை கொடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். அந்த மாடி வீட்டில் வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரிடம் சொன்னேன். "அம்மா வேற ஊருக்குப் போயிருப்பாக. அவுகளுக்கென்ன, எல்லா ஊருலயும் அழுறவுக இருக்காகல்ல" என்றார். அதில் அவருக்குத் தெரியாமலே ஒரு உண்மை இருந்தது.

நாகமலை இடத்தில் இப்போது வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருக்கிறோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. வாசலுக்கு மேலே அவள் படம் வரும் என்கிறார். வரட்டும். ஜன்னல் எனக்கு.

இந்தத் தைக்கும் சேலை எடுத்து வந்தார். அதே மாம்பழ மஞ்சள். கரை மட்டும் பச்சை. நேற்று அதற்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மணி ஆயிற்று. கோச்சடையிலிருந்து கடைசியாக வந்த நாளிலிருந்து, நான் கூப்பிட்டால் அவர் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார். யாருக்காக நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் நேற்று வேண்டுமென்றே கூப்பிடவில்லை. போனை மிஷின் மேலேயே வைத்துக்கொண்டு, முந்தியைத் திருப்பித் திருப்பித் தைத்தேன். மணி தாண்டியது. அவருக்கு ஏதும் ஆகியிருந்தால் என்ற நினைப்பு வர, வீம்பை விட்டுவிட்டு எண்ணை அழுத்தப் போனேன். அதற்குள் அவரே கூப்பிட்டார்.

"என்ன, இன்னைக்குக் கூப்புடல?"

"வேல கெடந்துச்சு."

"கூப்புடாம இருக்காத. மனசு திக்குனு ஆயிப்போச்சு." பின்னால் பழக்கடைச் சத்தம் கேட்டது. யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் எடுக்கவில்லை. "கேளு."

"என்னத்த?"

"எப்பயும் கேக்குறதக் கேளு."

மடியில் அவள் சேலை பாதி தைத்தபடி கிடந்தது. நூல் ஊசியிலேயே இருந்தது. நான் கேட்டேன்.